சோறு துறந்த சேனாபு

சேனாபு ஞாயைப் பற்றி நல்ல வார்த்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. நான் ஜோப் குலத்தவன், அவள் ஞாய் குலத்தவள். டாக்கார் நகரத்தில் ஒரு ஜோப், ஒரு ஞாயைத் தெருவில் பார்த்தால் முதலில் வாயில் வரவேண்டியது வசவுதான். "அடிமையே, இன்னிக்கு எத்தனை சட்டி சோறு உள்ள போச்சு?" என்று இவன் கேட்பான். "உன் வீட்டுச் சட்டியை நக்கி முடிச்சுட்டுச் சொல்றேன்டா, என் அடிமையே" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். அதற்கு அப்புறம்தான் சலாமும் வீட்டு நலமும். எந்தக் காலத்திலிருந்தோ இரண்டு குலத்துக்கும் இந்த உரிமை உண்டு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டவன் தோற்றவன். ஆகவே இந்தக் கதையில் எங்கேயாவது நான் அவளைப் புகழ்ந்துவிட்டால், அது அவள் செய்த காரியத்தின் குற்றம், என்னுடையதல்ல.

மெதினா பேட்டையில் சேனாபுவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐம்பதைத் தாண்டியவள். நல்ல உயரம், உயரத்துக்குத் தக்க உடம்பு. ஒரு கல்யாணத்துக்கோ பெயர்சூட்டு விழாவுக்கோ அவள் கிளம்பினால் தெருவில் பந்து விளையாடுகிறவர்கள் பந்தைக் காலடியில் நிறுத்திக்கொள்வார்கள். மரக்கட்டையால் அடித்து அடித்துக் கண்ணாடிபோல் மினுக்கேற்றிய பஸான் துணியில் தைத்த பெரிய பூபு அங்கி, கஞ்சியின் விறைப்பில் அவள் அடி வைக்கும்போதெல்லாம் சரசரவென்று பேசும். தோளிலிருந்து அங்கி மெதுவாக நழுவும். விழுந்தே விட்டது என்று பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடிக்கும் நேரத்தில் இரண்டு விரலால் அதை எடுத்து மேலே போட்டுக்கொள்வாள். அவசரம் என்பதே அவள் காலுக்குத் தெரியாது. அவள் போன பிறகும் சாம்பிராணிப் புகை மணம் தெருவில் நின்றுகொண்டிருக்கும்.

அவள் போட்ட நிறத்தைத்தான் அடுத்த பண்டிகைக்குப் பேட்டையே போடும். தையற்காரர்கள் கடை வாசலுக்கு வந்து கழுத்து வேலைப்பாட்டை மனப்பாடம் செய்துகொள்வார்கள். அவள் புருஷன் அபுலாய் ஃபால் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறவன். "நான் இத்தனை வருஷத்துல தூக்கினதுலயே கனமான சரக்கு எம் பொண்டாட்டியோட அலமாரிதான்" என்று எல்லாரிடமும் சொல்வான். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

இவ்வளவு பெயர் வாங்கியவளுக்குத் தொழில் என்ன தெரியுமா? உடையலங்காரக் காட்சிகளில் திரைக்குப் பின்னால் நின்று மற்றப் பெண்களுக்குத் தலைக்கட்டுக் கட்டுவது.

அது ஆரம்பித்த விதத்தைச் சொல்லவேண்டும். சேனாபுவுக்கு இருபது வயது இருக்கும்போது, ஊரில் பெயர்பெற்ற ஒரு தையற்காரர் அவளைக் கூப்பிட்டுத் தன் கடையில் வைத்துக்கொண்டார். கடலோரத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் காட்சி நடக்கப்போகிறது, மந்திரிகளின் மனைவிமார் வருகிறார்கள், வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊரே பரபரத்தது. ஒவ்வொரு அங்கியும் சேனாபுவின் உடம்பில் வைத்துத்தான் வெட்டப்பட்டது. வெயிலில் கால் கடுக்க நின்றாள், குண்டூசி குத்தினாலும் அசையவில்லை. அவள் மேல் வைத்துப் பார்த்தால்தான் துணி உயிரோடு இருக்கிறது என்பார் அந்த மனிதர். காட்சி நாளன்று அவள் குளித்து, வாசனை போட்டுக்கொண்டு போய் நின்றாள். அங்கே ஒல்லியான பெண்கள் வரிசையாக நின்று அவள் அங்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பாதிக்குப் பாதி மடித்துப் பின்னால் ஊசி குத்தியிருந்தது.

தையற்காரர் அவள் கையில் குண்டூசிப் பெட்டியைக் கொடுத்தார். "நீ உள்ளயே இரும்மா, சேனாபு. நீ இல்லாட்டி இந்தத் தலைக்கட்டெல்லாம் யாரு கட்டுவா?" என்றார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இது பாராட்டு. பாராட்டை எப்படி எதிர்த்துப் பேசுவது? பெட்டியை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வாங்கிய பெட்டியை அப்புறம் யாரும் அவள் கையிலிருந்து வாங்கவேயில்லை.

டாக்காரில் நடந்த பெரிய காட்சி எதையும் அவள் தவறவிட்டதில்லை. ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது திரைக்குப் பின்புறம்: ஒரு செருப்பு காணாமல் போய் எல்லாரும் தரையில் தவழ்வது, அழுகிற பெண்ணின் கண்மை வழியாமல் கைக்குட்டை வைத்து ஒற்றுவது, "அடுத்தது யாரு, அடுத்தது யாரு" என்கிற கூச்சல், திரை விலகும் நேரத்தில் முகத்தில் அடிக்கும் வெளிச்சம். பெண் வெளியே போவாள், திரை மூடிக்கொள்ளும், அந்தப் பக்கம் கைதட்டல் எழும். தகரக் கூரைமேல் பெய்யும் மழையை வீட்டுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிதான் சேனாபு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். நனைந்ததில்லை.

இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்போதுதான் உசேனு ஜோப் பாரிசிலிருந்து திரும்பி வந்தான்.

உசேனு எங்கள் தெருப் பையன்தான். பாரிசில் பெரிய பெரிய உடைக்கடைகளில் வேலை பார்த்து, பத்திரிகையில் படமெல்லாம் வந்து, கையில் காசோடும் தலையில் யோசனையோடும் வந்திருந்தான். துறைமுகத்தில் பழைய கடலைக்கிடங்கு ஒன்றைப் பிடித்து, டாக்கார் அதுவரை பார்க்காத காட்சி ஒன்றை நடத்தப்போவதாகச் சொன்னான். விடுதலை வந்த காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்த பெரிய அழகிகளின் புகைப்படங்களை வீடு வீடாகத் தேடிப்பிடித்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கித் தன் தையல் பட்டறையில் மாட்டியிருந்தான். ஸ்டூடியோவில் நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள். மடியில் விசிறி, நெற்றியில் பொற்காசு, புகைப்படக்காரன்தான் தங்களுக்காகக் காத்திருக்கவேண்டும் என்கிற பார்வை. அவர்கள் உடுத்தியதை அப்படியே திரும்பச் செய்து மேடையேற்றுவது அவன் திட்டம்.

தலைக்கட்டுக்கு ஆள் வேண்டுமே, சேனாபுவைக் கூப்பிட்டு அனுப்பினான். அவள் போன நேரம் பட்டறை வாசலில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். கசாப்புக்கடை கெபே ஜோப் உட்கார்ந்திருந்தான். அவன் வாய் எங்கள் குலத்திலேயே பெரிய வாய். பாணர் குலத்துத் தாபா சாம்பும் தன் ரவிக்கை விஷயமாக வந்து காத்திருந்தாள். தாபா பாட ஆரம்பித்தால் ஒருத்தருடைய ஏழு தலைமுறையையும் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

உள்ளே ஒரு சின்னப் பெண் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளரித்தண்டு மாதிரி இருந்தாள் பாவம். சேனாபு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"என்ன அக்கா சிரிப்பு?" என்றான் உசேனு.

"படத்துல அந்த அம்மா மேல அங்கி ராணி மாதிரி உக்காந்திருக்குடா. இந்தப் பொண்ணு மேல கொடியில காயுது."

"அப்ப யாரு போட்டா உக்காரும்?"

"நான் போட்டா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, சொல்லிவிட்டோம் என்று. இத்தனை வருஷம் புருஷனிடம்கூடச் சொல்லாத வார்த்தை. வாசலில் தேநீர் ஆற்றுகிற கை நின்றுபோனது.

உசேனு ஒரு சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பது ஞாய், சுற்றிலும் ஆட்கள், அவன் ஜோப். எந்த ஜோப்புக்குத்தான் நாக்கு சும்மா இருக்கும்?

"நீ மேடை ஏறுவியா? நடுவுல யாராவது சோத்துச் சட்டியைக் காட்டினா அப்படியே குதிச்சு எறங்கி ஓடிருவியே! எங்க, ஞாய் குலத்துல பொறந்த ஒருத்தி, ஒரே ஒருத்தி, காட்சி நாள் வரைக்கும் சோத்துல கை வைக்காம இருக்கட்டும் பாப்போம். இருந்துட்டா கடைசி நடை உனக்குத்தான். கல்யாணப்பொண்ணு உடுப்புல வர்ற இடம். ஜோப் சொல்றேன்!"

கெபே தொடையைத் தட்டிச் சிரித்தான். "முடிஞ்சுது கதை! இவளாவது, சோறு இல்லாமலாவது! மத்தியானம் தாண்டாது."

தாபா சாம்ப் மட்டும் சிரிக்கவில்லை. "நான் காதால கேட்டேன்" என்றாள்.

உசேனு பாரிசில் ரொம்ப நாள் இருந்துவிட்டான். ஜோப்பும் ஞாயும் பேசுவது விளையாட்டு, சரி. ஆனால் குலத்தின் பெயரை வைத்து, அதுவும் ஒரு பாணர் குலத்துப் பெண் காதில் விழும்படி ஒன்றைச் சொன்னால் அந்த விளையாட்டுக்கு எலும்பு முளைத்துவிடும். எங்கள் ஊர்க் குழந்தைக்குத் தெரிந்த இந்த விஷயம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"சரி" என்றாள் சேனாபு.

டாக்காரில் சோறில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மத்தியானம் ஆனால் ஊர் முழுக்க ஒரே வாசனை. மீனும் தக்காளியும் வெந்து, அந்தச் சாற்றிலேயே அரிசி வெந்து, அடியில் காந்தல் பிடித்து வருகிற வாசனை. வீட்டில் எல்லாரும் ஒரே பெரிய வட்டத்தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அந்த வட்டத்திலிருந்து எழுந்துபோய்த் தனியாக அவித்த கம்புக் குருணையும், பயறு வைத்த ரொட்டியுமாகச் சேனாபு தின்றாள். அபுலாய்க்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"உனக்காக நானும் விட்டுரட்டுமா?" என்றான் ஒரு நாள்.

"நீங்க ஃபால். உங்களை யாரு கேட்டா? சாப்பிடுங்க. வாசனை இந்தப் பக்கம் வராம அந்த மூலையில உக்காந்து சாப்பிடுங்க."

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கெபே ஜோப் தன் அடுப்பையே சேனாபுவின் சன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்து, அட்டையால் விசிறி விசிறி வாசனையை உள்ளே அனுப்பினான். காந்தலைச் சுரண்டி, காகிதத்தில் பொட்டலம் கட்டி, "எங்கள் ஞாய் அடிமைக்கு ஜோப்கள் அனுப்பிய மரியாதை" என்று சீட்டு வைத்து அனுப்பினான். ஒரு ஜோப் வீட்டுப் பெயர்சூட்டு விழாவில், எல்லாருக்கும் தயிர் விட்ட கம்பங்கூழ் வந்தது. அவள் கிண்ணத்தில் மட்டும் அரிசிக்கூழ் வந்தது. குழந்தை பெயரால் வந்த கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. சேனாபு அதை மூக்குக்குக் கொண்டுபோனாள், முகர்ந்தாள், பிறகு குழந்தையின் அப்பன் ஜோப்பின் கையில் வைத்தாள். "புள்ள நல்லா வளரட்டும்டா. என் பங்கை என் அடிமை குடிக்கட்டும்" என்றாள். கூடியிருந்த பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவன் மூக்குடைபட்டு அதைக் குடித்தான்.

ஞாய்கள் அவள் வீட்டு வாசலில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. தங்களால் முடியாதது அவளால் எப்படி முடியும் என்று பயந்தார்கள்.

அவர்கள் பயந்ததும் சும்மா இல்லை. ஒரு நாள் பிற்பகல் வீட்டில் யாரும் இல்லை. சட்டியைக் கழுவப் போனவள் அடியில் ஒட்டியிருந்த காந்தலைச் சுரண்டினாள். சிவந்து, எண்ணெய் மினுங்க, கையளவுக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. யாரும் பார்க்கவில்லை. கை தானாக வாய் வரைக்கும் போய்விட்டது. நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அப்போது பக்கத்து வீட்டு ரேடியோவில் உசேனுவின் காட்சி பற்றி ஒருவன் கத்தி விளம்பரம் சொன்னான். சேனாபுவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இதைத் தின்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் மறுபடி அந்தக் குண்டூசிப் பெட்டிதான், மறுபடி திரைக்குப் பின்னால்தான், சாகிற வரைக்கும். எழுந்துபோய் முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டுக்கு அதைப் போட்டாள். ஆடு நொறுக் நொறுக்கென்று தின்றது. அதைப் பார்த்து அவள் அழுததாக அபுலாய் சொல்கிறான். அவள் இல்லவே இல்லை என்கிறாள்.

காட்சிக்குச் சில நாள் இருக்கும்போது உசேனு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அளவெடுக்க வந்தான்.

"நெசமாவே தின்னலையா அக்கா?"

"உன் ஆளுங்களைக் கேளு. என்னைவிட அவங்கதான் என் வாயைப் பாத்துட்டே இருக்காங்க."

அளவெடுக்க எடுக்க அவன் முகம் மாறியது. துணியைத் தோளில் போட்டான், பின்னால் நகர்ந்து பார்த்தான், மறுபடி போட்டான். தைக்கிறவனுக்குக் கை ஏமாற்றாது. கருநீலப் பஸானில் அவளுக்கென்று ஒரு கல்யாண அங்கி வெட்டினான்.

காட்சி நாள் வந்தது. கிடங்குக்கு வெளியே கார்கள் கடல் வரைக்கும் நின்றன. தொலைக்காட்சிக்காரர்கள், தூதரக ஆட்கள், மினுங்கும் செருப்போடு பந்தா பண்ணும் இளைஞர்கள், அழைப்பு இல்லாமலே முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்ட மெதினாப் பெண்கள் என்று உள்ளே மூச்சுவிட இடமில்லை. சுற்றிலும் அந்தப் பழைய அழகிகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. திரைக்குப் பின்னால் வழக்கமான போர்க்களம். சேனாபு தன் அங்கியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தன் முறை வருகிறவரை கை சும்மா இருப்பானேன் என்று பெண்களுக்குத் தலைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து அவள் கருநீலத்தைப் போட்டுக்கொண்டபோது அந்த வெள்ளரித்தண்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை, நீங்க அந்தப் படத்துலேர்ந்து எறங்கி வந்த மாதிரி இருக்கீங்க!"

அப்போது மதாம் சில்லா வந்தாள். காட்சியை நடத்துகிற கம்பெனியின் தலைவி அவள். காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி, பொறுமை மட்டும் எதிலும் இல்லை. சேனாபுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த அம்மா பின்னாடி வேலைக்கு வந்தவங்கதானே? இவங்க ஏன் உடுப்புப் போட்டுட்டு நிக்கிறாங்க? கடைசி நடைக்கு வெளிநாட்டுலேர்ந்து பொண்ணை வரவழைச்சிருக்கோம், உசேனு. போட்டோக்காரங்க அவளுக்காகத்தான் வந்திருக்காங்க."

மேடையில் காட்சி ஆரம்பித்திருந்தது. உசேனுவின் பல வருஷ உழைப்பு இந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. பயந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன், பயந்துவிட்டான்.

"அக்கா, அது ஒரு விளையாட்டுக்குச் சொன்னதுதானே" என்றான். "அடுத்த வருஷம் கண்டிப்பா உனக்கு ஒரு இடம் வைக்கிறேன். இப்ப இந்தா…" மேசையிலிருந்த குண்டூசிப் பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். "நீ இல்லாட்டி இந்தத் தலைக்கட்டெல்லாம் யாரு கட்டுவா?"

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. அந்தத் தையற்காரர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, இவனோ அன்றைக்குப் பிறக்கவே இல்லை. எங்கிருந்து கற்றுக்கொண்டான்? சேனாபுவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. பழக்கதோஷம், கை பெட்டியை நோக்கிப் போனது.

"அதைத் தொடாதே!"

பின்வாசலில் கெபே ஜோப் நின்றுகொண்டிருந்தான். புது அங்கி, புதுக் குல்லாய், இரண்டு ஆட்கள் பிடித்த பெரிய சோற்றுச் சட்டி. தோற்ற ஜோப்கள் காட்சி முடிந்ததும் அவளுக்குச் சோறு படைக்கவேண்டும் என்று தெருவில் பேசி முடிவாகியிருந்தது. படைக்க வந்தவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"டேய் உசேனு! நாங்க இவளைச் சோத்தால அடிச்சுப் பாத்தோம், காந்தலால அடிச்சுப் பாத்தோம். சன்னல் கிட்ட விசிறி விசிறி எனக்குத் தோள்பட்டையே கழண்டு போச்சு. விழல அவ. ஞாயாப் பொறந்தும் விழல! சரி, தோத்தோம். சோத்துல தோத்தா என்ன, நாளைக்குச் சிரிச்சுக்கலாம். வார்த்தையில தோத்தா மூஞ்சியை எங்கடா கொண்டுபோய் வச்சுக்கிறது? 'உங்க ஜோப் சொன்னானே, என்னாச்சு'ன்னு ஊர்ல ஒவ்வொரு ஞாயும் கேப்பானே! என் பேரன் வரைக்கும் கேப்பானே!"

"ஐயா, சத்தம் போடாதீங்க, வெளியில கேக்கும்" என்றாள் மதாம் சில்லா.

"கேக்கட்டும். முன்வரிசையில தாபா சாம்ப் உக்காந்திருக்கா. நீங்க இவளை அனுப்பலன்னா நான் இந்தச் சட்டியோட மேடை ஏறி நடக்கிறேன். கடைசி நடை என்னுது!"

ஒரு ஞாய்க்காக ஒரு ஜோப் சண்டை போடுவதை என் ஆயுசில் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான். உசேனு கெபேயைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், கடைசியாகத்தான் சேனாபுவைப் பார்த்தான். பெட்டியை நீட்டிய கையைப் பார்க்க அவனுக்கே வெட்கமாகிவிட்டது. பெட்டியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வெளிநாட்டுப் பொண்ணு முன்னாடி போகட்டும்" என்றான் மதாமிடம். "கடைசி இவங்கதான். ஜோப் சொல்றேன்."

"பாட்டு அந்த அளவுக்கு நீளம் இல்ல! இவங்க நடக்கிற நடைக்கு…"

"பாட்டு முடிஞ்சா முடியட்டும்" என்றாள் சேனாபு.

வெளிநாட்டுப் பெண் போய்வந்தாள். நன்றாகத்தான் நடந்தாள், கைதட்டலும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு திரை விலகியது. எப்போதும் முகத்தில் ஒரு கணம் அடித்து மறைகிற வெளிச்சம் இந்தத் தடவை மறையவில்லை. சேனாபு அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போனாள்.

மதாம் சொன்னது சரி. மேடையில் பாதி தாண்டும் முன்பே பாட்டு தீர்ந்துபோனது. கிடங்கில் திடீரென்று ஒரு அமைதி. உள்ளே உசேனு தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அமைதியில்தான் எல்லாருக்கும் கேட்டது: சரக், சரக் என்று பஸான் துணி பேசுகிற சத்தம். அதற்கடியில், காதைத் தீட்டினால் மட்டும் கேட்கிற மாதிரி, எங்கள் பெண்கள் அங்கிக்குள் கட்டுகிற இடுப்பு மணிச்சரம் கலகலக்கிற சத்தம். முன்வரிசை ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. இடது தோளில் அங்கி நழுவ ஆரம்பித்தது. நழுவியது. இன்னும் நழுவியது. தூதரக ஆள் ஒருவர் பிடிக்கப்போகிற மாதிரி கையை நீட்டிவிட்டார். சேனாபு இரண்டு விரலால் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அடி வைத்தாள்.

தாபா சாம்பால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தாள். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு? சேனாபுவின் அப்பன் பெயர், அவன் அப்பன் பெயர், அவர்கள் ஏறிய குதிரைகளின் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போய், "சோறு துறந்தவளே, ஞாய் மகளே, மெதுவா நட, இந்த ஊரு உனக்காகக் காத்திருக்கும்" என்று முடித்தாள். மெதினாப் பெண்கள் கூவிக்கொண்டு எழுந்தார்கள். தோள் துண்டுகளையும் தலைக்கட்டுகளையும் அவிழ்த்து அவள் காலடியில் வீசினார்கள். பட்டும் சரிகையுமாக மேடை நிறைந்துபோனது. சேனாபு அதன்மேல் நடந்தாள்.

மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள். அங்கே கணநேரம் நின்று திரும்பிவிட வேண்டும் என்பது வழக்கம். அவள் திரும்பவில்லை. கைதட்டுகிறவர்களுக்கு முகம் இருக்கிறது என்று இப்போதுதான் பார்க்கிறாள். வாயைப் பிளந்துகொண்டு ஒரு முகம், அழுதுகொண்டு ஒரு முகம். அங்கே தூணுக்குப் பக்கத்தில், துறைமுகச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்த அபுலாயின் முகம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூரைமேல் கேட்ட மழையில் நின்று ஆசை தீர நனைந்தாள். "திரும்பு, திரும்பு" என்று திரைக்குப் பின்னாலிருந்து மதாம் சில்லா குசுகுசுத்தது அவள் காதில் விழுந்தது. தனக்குப் போதும் என்று தோன்றிய பிறகுதான் திரும்பினாள்.

திரைக்கு இந்தப் பக்கம் வந்ததும் முதலில் எதிரே வந்தவன் உசேனு. கண் கலங்கியிருந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அப்புறம் அழுவலாம், என் அடிமையே" என்றாள். "சோறு ஆறிடப் போவுது."

தரையிலேயே பாயை விரித்தார்கள். கெபே சட்டியைத் திறந்தான். அந்த வாசனைக்கு மேடைப் பெண்கள், விளக்குக்காரர்கள், வெளிநாட்டுப் பெண் எல்லாரும் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட உசேனு முழங்காலில் நின்று, மீனைக் கையால் பிட்டுப் பிட்டு அவள் பக்கம் தள்ளினான். விருந்தாளிக்கு எங்கள் ஊரில் செய்கிற மரியாதை அது. காந்தலை முழுசாக அவள் முன்னால் வைத்தான். அவள் கருநீல அங்கியின் கையை மடித்து விட்டுக்கொண்டு முதல் உருண்டையை வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாருங்கடா இவ எப்படித் திங்கிறான்னு! நான் சொன்னேனா இல்லையா?" என்று கெபே சந்தோஷமாகக் கத்தினான். அவள் அதற்குள் அடுத்த உருண்டையைப் பிடித்துவிட்டாள்.

வெளியே சத்தம் ஓயவேயில்லை. காலால் தரையைத் தட்டி, "சேனாபு! சேனாபு!" என்று கூப்பிட்டார்கள். மதாம் சில்லா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தாள். அவள் பேச்சிலிருந்த மிடுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அம்மா, தயவுசெஞ்சு ஒரு தடவை எழுந்து வாங்கம்மா. வெளியில ஜனங்க போகவே மாட்டேங்குறாங்க. நான் போய் என்ன சொல்றது?"

சேனாபு காந்தலை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"போய்ச் சொல்லு. 'ஞாய் சோறு தின்னுட்டிருக்கா'ன்னு."